பூட்ஸுக்குக் கால் அளவு

பனிமலை விடுதியில் குடும்பத்தோடு சறுக்கி விளையாட இடம் வேண்டுமானால், விடுதிக்காரர்கள் அனுப்பும் பெட்டி பத்து நாள் வீட்டுப் பேச்சைக் கேட்டு, நல்ல குடும்பம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ராக்கியண்ணன் அதை நம்பவில்லை. ஆனாலும் மகளோடு போனில் பேசும்போதெல்லாம் பெட்டியை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார்.

"டப்பாவுக்கு என்ன காதா மொளச்சிருக்குது?"

பதினோராம் நாள் காலை, மருமகள் வினோதினி தரையில் உட்கார்ந்து, சறுக்குப் பூட்ஸுக்காக அவர் பாதத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். பெட்டி பேசியது.

"மன்னிக்கவும். உங்கள் குடும்பத்துக்கு அனுமதி இல்லை. காரணத்தைக் கேளுங்கள்."

அடுத்து பெட்டியிலிருந்து வந்தது, மகளோடு போனில் பேசிய ராக்கியண்ணனின் குரலேதான்.

"பன்னண்டு வருசம் ஆக்கிப் போட்டா ஆச்சா? வந்தவ வந்தவதான் சாமி. அவ நம்ம குடும்பத்துல சேர்த்தியா?"

டேப் குதிகாலில் நின்றது. அவர் காலை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஏய் பெட்டி, பேச்சு வாங்குனது நானு. எனக்கு வராத ரோசம் உனக்கெதுக்கு? இன்னும் பத்து நாள் கேட்டுட்டுச் சொல்லு."

"சரி. இப்போதிருந்தே கேட்கிறேன்."

"காலை ஆட்டாதீங்க மாமா" என்றாள், தலை நிமிராமல்.

தப்புத்தான் சாமி என்று சொல்ல ராக்கியண்ணன் வாயெடுத்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இனி என்ன சொன்னாலும் அது பனிமலைக்காகச் சொன்னதாகத்தானே அவள் நினைப்பாள்? வாயை மூடிக்கொண்டு, மற்றக் காலையும் நீட்டினார்.