கண் மூடாத டிக்கி பல்பு

காரின் டிக்கியை மூடினால் உள்ளே இருக்கும் குட்டி பல்பு அணைந்துவிட வேண்டும். ஆனால் ஒரு மழைநாளில் பேட்டரி லேசாகத் திணறியதிலிருந்து அது அணைவதே இல்லை.

“பேட்டரி அண்ணனுக்கு உடம்பு இப்படி இருக்கும்போது எனக்கு எப்படித் தூக்கம் வரும்?” என்று இருட்டுக்குள் கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

பேட்டரி நாளுக்கு நாள் மோசமானது. “நேத்து ஏத்தின சார்ஜை இன்னைக்குக் காணோம் தங்கச்சி. வண்டி சும்மா நிக்கும்போது யாரோ என்னை உறிஞ்சுறாங்க” என்று முனகியது.

பல்பு சுற்றுமுற்றும் பார்த்தது. “எந்தப் பாவி அண்ணே அது? ரேடியோவா, ஹாரனா? நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பார்க்கிறேன், இரு!”

மெக்கானிக் தஸ்தகீர் வந்தார். ரேடியோவைக் கழற்றினார், ஹாரன் ஒயரைப் பிடுங்கினார், ஒன்றும் பிடிபடவில்லை. டிக்கியையும் திறந்து பார்த்தார். திறந்த டிக்கியில் பல்பு எரியத்தானே செய்யும்? மூடிவிட்டுப் போனார். கடைசியில் பேட்டரியையே தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்.

பல்பு அண்ணனை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதது. பிறகு மூடிய டிக்கிக்குள் பளிச்சென்று நிமிர்ந்து, புதியவனைக் கூப்பிட்டது.

“தம்பி, நீ பயப்படாதே. அவரை விட்ட மாதிரி உன்னை விட மாட்டேன். இனிமே ஒரு நொடிகூட நான் கண்ணை மூடப் போறதில்லை.”