கீரிக்குப் போட்ட நிபந்தனை

முட்காடு ஒன்றில் கவுதாரிகள் இட்ட முட்டைகளையெல்லாம் பாம்பு குடித்துவிட்டுப் போனது. பொறுக்கமாட்டாமல் அவை கூட்டமாகப் போய் ஒரு கீரியின் காலில் விழுந்தன. "பாம்பிடமிருந்து எங்களைக் காப்பாற்று. நீ சொன்னதுதான் சட்டம். உன்னை ஏனென்று கேட்கமாட்டோம்" என்று சத்தியமும் செய்தன.

வந்த அன்றே கீரி பாம்பைக் கடித்துக் குதறிப்போட்டது. காடே கொண்டாடியது. அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டைக் கவுதாரிக்கு மட்டும் நிம்மதியில்லை. தன் புதர்ப் பக்கம் வரும்போதெல்லாம் கீரி எச்சில் விழுங்குவதை அவள் பார்த்துவிட்டாள். கூட்டத்தின் மூத்த சேவலிடம் சொன்னாள்.

"வாயை மூடு! அது கோபித்துக்கொண்டு போய்விட்டால், அடுத்த பாம்பு வரும்போது நம் கதி என்ன?" என்றது சேவல்.

அதற்கும் அவள் பயந்தாள். ஆனாலும் மறுநாள் கீரி வந்தபோது எழுந்து வழிமறித்தாள்.

"ஐயா, ஒரு முட்டை குறைந்தாலும் எங்கள் சத்தியம் செல்லாது. எல்லோரும் சேர்ந்து உங்களைத் துரத்திவிடுவோம்."

பக்கத்தில் நின்ற சேவல் கண்ணை இறுக மூடிக்கொண்டது. கீரி அவளையே பார்த்தது. பிறகு தொப்பென்று உட்கார்ந்தது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா, தாயே? கேட்பாரில்லை என்றானதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருந்தது."

அன்றே கீரி, முட்டை வாசம் எட்டாத காட்டின் எல்லையில் வளை தோண்டிக்கொண்டது. பெட்டை வெகுநாளைக்குப் பிறகு கூட்டைவிட்டு வெளியே வந்து, வயிறாரப் புல்விதை பொறுக்கினாள்.