ஜிப் இல்லை, பட்டன்

லைட்டை அணைத்துவிட்டான், புண்ணியவான்.

கவிதை என்றால் கொஞ்சம் இருட்டு இருக்க வேண்டுமாம். மேடையில் நான்கு பெண்கள் கையால் கவிதை சொல்ல நிற்கிறார்கள். நான்கு பேருக்கும் காது கேட்காது. இருட்டில் அவர்கள் கவிதை சொன்னால் என்ன, பாத்திரம் துலக்கினால் என்ன?

மூன்றாவது வரிசையிலிருந்து நான் காலால் தரையை ஓங்கி மிதித்தேன். காது கேட்காத எங்கள் கூட்டம் மொத்தமும் சேர்ந்து மிதித்தது. தரை அதிர்ந்து, யாரோ ஓடி, லைட் வந்தது.

சட்டை தைக்கும் கம்பெனியின் ஆண்டு விழா. கவிதை என்னுடையது. சொல்லப்போவது நான் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் துணி வெட்டும் மெஷின் என் வலது கை ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் மூன்று தடவை கையை எடுக்கச் சொல்லிக் கத்தியதாகச் சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதினார். காது கேட்காதவளின் முதுகுக்குப் பின்னால் நின்று, மூன்று தடவை. மெஷினின் ஸ்விட்ச் அவர் பக்கத்திலேயே இருந்தது.

அன்றிலிருந்து என் கை திக்க ஆரம்பித்தது. "நீ" என்று காட்டப் போனால் நடுவிரல்தான் நீள்கிறது. பஸ்ஸில் ஒரு பெரியவரிடம் "நீங்க உட்காருங்க" என்றேன். மனுஷன் அடிக்க வந்துவிட்டார். இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். அது பக்கத்து வீட்டுக்காரியின் கை மாதிரி, நான் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை.

வலது கையை யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் போட்டேன். இனி நாலு பேர் முன்னால் அதை வெளியே எடுப்பதில்லை என்று முடிவும் செய்தேன். பிறந்ததிலிருந்து எனக்குக் காது கேட்காது. ஆனால் ஊமையாக இருந்தது இந்த எட்டு மாதம்தான்.

கவிதையைக்கூட வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நாத்தனாருக்கு மட்டும்தான் செய்து காட்டினேன். அவளுக்கும் காது கேட்காது, அதே கம்பெனி, எனக்கு அடுத்த மெஷின்.

"அண்ணி, இது உங்க கவிதை. நீங்கதான் சொல்லணும்" என்று அவள் கை கெஞ்சியது. மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். அப்படியானால் ஆள் சேர்த்து நானே சொல்கிறேன் என்றாள்; சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், இவளும் இன்னும் மூன்று பேரும் ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு, நடுவிரலை நீட்டி நீட்டி, என்னைப் போலவே செய்துகாட்டி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எட்டுக் கையும் மேஜைக்கு அடியில் போய்விட்டன.

அதோடு நாத்தனார் முகத்தில் நான் விழிக்கவில்லை. எங்களுக்குள் பார்க்காவிட்டால் பேச்சே கிடையாது. சண்டைக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? ஒரே சமையலறையில் முதுகைக் காட்டியே நான்கு நாள் ஓட்டினேன்.

இப்போது மேடையில் நிற்கிறாள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. ஒழுங்காக வரிசையில் நிற்கக்கூடத் துப்பில்லாத கூட்டம்.

வலது கையை உயர்த்தினாள். ஆள்காட்டி விரல் மடங்கியிருந்தது.

நான்கு பேருக்கும் மடங்கியிருந்தது.

அடிப்பாவி! சாப்பாட்டு அறையில் செய்த கேலி போதாதென்று, கம்பெனி மொத்தத்துக்கும் முன்னால் என் மூளிக் கையை மேடை ஏற்றிவிட்டாளே. எனக்குக் காதுவரை கொதித்தது.

கவிதை ஓடியது. மெஷின் ஓடுகிறது. பின்னால் ஒரு வாய் திறக்கிறது, கதவளவு திறக்கிறது. நான் திரும்பி அந்தக் கத்தலைக் கையில் பிடித்து, உதறி, மேஜையில் விரித்து, அளவெடுக்கிறேன். "நீ" வரும் இடத்திலெல்லாம் நான்கு நடுவிரல்கள் முன்வரிசைச் சூப்பர்வைசரைப் பார்த்து நீண்டன. டான்ஸ் என்று நினைத்து அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். மைக்கில் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் அவர் தலை ஆடவில்லை.

கேலிதான். ஆனால் என் கை திக்கும் இடத்திலெல்லாம் பிசகாமல் திக்கினார்கள், சண்டாளிகள்.

கடைசி வரி வந்தது. அந்த வாயை மூட வேண்டும். நாத்தனார் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சர்ரென்று இழுத்தாள்.

ஜிப்!

யாராவது அந்த வாய்க்கு ஜிப் வைப்பார்களா? ஓர் இழுப்பில் திறந்துகொள்வானே! எட்டு மாதம் யோசித்து நான் வைத்தது பட்டன். நாலு ஓட்டைப் பட்டன்.

எப்படி எழுந்தேன், எப்படிப் படியேறினேன், தெரியாது. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஜிப் இல்லடி மூதேவி, பட்டன்! பட்டன்!"

சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பட்டனைப் பிடித்தேன். அந்த வாயின் மேல் வைத்தேன். நாலு ஓட்டையிலும் இரண்டு இரண்டு தடவை ஊசியை ஓட்டினேன். முடிச்சுப் போட்டேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினேன்.

எங்கள் கூட்டத்தின் கைகள் எல்லாம் மேலே எழுந்து ஆடின. எங்கள் கைதட்டல் அதுதான். காது கேட்கிறவர்களும் பார்த்துப் பார்த்து ஆட்டினார்கள்.

அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். முந்நூறு பேர் முன்னால், நெஞ்சுக்கு நேராக, வெளியே இருந்தது.

நாத்தனாரைப் பார்த்தேன். வரியைத் தப்பாகச் சொன்னவளுக்கு முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் வேண்டுமே. இளித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தரையைக் காட்டினாள்.

யார் எங்கே நிற்பது என்று துணியில் கோடு போடும் சாக்பீஸால் மேடையில் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். நான்கு வட்டத்தில் நான்கு பேர் நின்றார்கள்.

நடுவில் ஐந்தாவது வட்டம். அதற்குள் என் கால்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவளுக்குப் போய் அதைக் காட்டுவதா? "நீ வீட்டுக்கு வா" என்று அவளைப் பார்த்து விரலை நீட்டினேன், அந்த விரலைத்தான்.