மூன்றாவது ரிப்போர்ட்

"இதுவும் நெகட்டிவ்தாங்க," என்றார் லேப்காரர்.

"டெஸ்ட் தப்பா காட்டாதுங்களா?" லாட்ஜில் ஒரு நாள் செய்த தப்பால், மாறனுக்கு ஆறு மாதமாகத் தூக்கமில்லை.

"மூணு வாட்டி எடுத்துட்டீங்க. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

வீட்டில் தங்கை சிந்துஜா அழுதுகொண்டிருந்தாள்.

"கல்யாணத்தை நிறுத்திட்டேன்," என்றார் அப்பா. "கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை பிரசாத் எய்ட்ஸ் டெஸ்ட்டுக்குப் போயிருக்கான். லேப்ல வேலை பாக்கற பொண்ணே சொல்லுச்சு."

"ரிசல்ட் என்னவாம்?"

"அது எதுக்குடா? ஒண்ணுமில்லாதவன் எதுக்கு மூணு வாட்டி போறான்?"

மாறன் சட்டைப்பையைத் தொட்டான். உள்ளே மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டில், முதல் தடவை லேபில் பெயர் கேட்டபோது பயத்தில் அவன் வாயில் வந்த பெயர் இருந்தது: பிரசாத், கீழ்பென்னாத்தூர்.

"நல்ல வேளை, தப்பிச்சோம்பா," என்றான்.