சோப்புக்கு நிற்க நேரமில்லை

நேர்முகத் தேர்வுக்குப் போட வேண்டிய நீலச் சட்டையின் காலரில் எண்ணெய்க் கறை. சௌந்தரி அதைப் போர்வெல் தண்ணீரில் ஊறவைத்து, சோப்பையும் கொஞ்சம் சலவைத் திரவத்தையும் கரைத்துவிட்டாள்.

சோப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதன் தலையில் எதிர்மின்னேற்றம். தண்ணீரில் இருந்த சுண்ணாம்புக்கோ நேர்மின்னேற்றம். சுண்ணாம்பைக் கண்ட இடமெல்லாம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, கறை இந்தப் பக்கம்," என்றது மின்னேற்றமே இல்லாத திரவம்.

"தெரியும்டா! இவங்க கூப்பிடுறப்ப எப்படிப் போகாம இருக்கறது? ஒரு நிமிஷம், வந்துடறேன்."

"என்னையும்தான் பார்த்தாங்க. எனக்கு ஒண்ணும் தோணலையே."

"உனக்கு நுரைகூட ஒழுங்கா வராது. நீ பேசாதே!"

திரவம் தண்ணீர் பிடிக்காத தன் வாலை எண்ணெய்க்குள் செருகி, தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, கறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்தது.

சௌந்தரி சட்டையை அலசி விரித்தாள். எண்ணெய் போயிருந்தது. ஆனால் காலர் முழுக்க வெள்ளையாக ஏதோ பிசுபிசுவென்று படிந்திருந்தது.

"இது என்ன புதுக் கறை?" என்று நகத்தால் சுரண்டினாள்.

"கறையா? எங்கே?" என்று காலரில் படிந்தபடியே பதறியது சோப்பு, சுண்ணாம்பின் கையை விடாமலே. "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்!"