வளைந்த ஊசி

புதுக் கணினி உயிர் பெறவே இல்லை. அதிலிருந்த விலை உயர்ந்த மதர்போர்டு, பழைய கணினியிலிருந்து வந்திருந்த நினைவக அட்டையான ரேமைப் பார்த்துச் சீறியது.

“எல்லாம் உன்னாலதான்டா!”

“பெரிய இடம், ஒத்துக்கிட்டுப் போயிடேன்” என்று ரேமிடம் கெஞ்சியது மின்விசிறி.

ரேமுக்கு உள்ளூர நடுக்கம்தான். தூக்கி எறிந்துவிட்டால்?

“செய்யாத தப்பை ஒத்துக்க மாட்டேன். என்னை வேற கணினியில போட்டுப் பார்க்கட்டும்.”

பழுது பார்க்க வந்த மெஹருன்னிசாவும் அப்படியே செய்தாள். அங்கே ரேம் ஜோராக வேலை செய்தது. சந்தேகப்பட்டு மதர்போர்டைத் துருவினாள். பிராசசர் உட்காரும் இடத்தில் ஓர் இணைப்பு ஊசி வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி, ரேமை மறுபடி பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது.

“தம்பி, ஊசி விஷயம் வெளியே தெரிய வேண்டாம்” என்று குழைந்தது மதர்போர்டு.

“யாராவது கேட்டா சொல்லுவேண்ணே” என்றது ரேம்.