பக்கத்து மாவட்டத்து ஜனங்கள்

"ஏழு வருஷமா! ஒரு படம் எடுத்ததுக்கா?" வெர்னிஸின் கையிலிருந்த காபி தளும்பிப் பாவாடையில் கொட்டியது.

"மெதுவாப் பேசுங்க, கதவு திறந்திருக்கு" என்றார் அவளுடைய வக்கீல் மில்டன். "இந்த ஊர் ஜனங்களுக்கு அசிங்கம்னு பட்டா அது குத்தம். சட்டம் அப்படி. ஊர் ஜனங்கன்னா இப்போ அந்தப் பன்னிரண்டு ஜூரிங்கதான்."

கென்டக்கியின் அந்தச் சின்ன ஊருக்கு வெர்னிஸ் ஹால்டார்ஃப் புதியவள் அல்ல. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவள், பிறகு அந்தக் கொட்டகையையே வாங்கினாள். அதன் பிறகு, வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கும் படங்களைத் தானே எடுக்க ஆரம்பித்தாள். நடிக்கும் பெண்களுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும், டாக்டர் வேண்டும் என்று சக முதலாளிகளோடு மல்லுக்கட்டினாள். வளர்ந்த மனுஷன் எதைப் பார்ப்பது என்று சர்க்கார் சொல்லக் கூடாது என்று ஊர் ஊராய்ப் பேசி, இரண்டு முறை ஜெயிலுக்கும் போய் வந்தாள். பாதிப் பேர் அவளைப் போராளி என்றார்கள். மீதிப் பேர் சொன்னதை எழுத முடியாது. இந்த வயதில் ஏழு வருடம் உள்ளே போனால் உயிரோடு திரும்புவது சந்தேகம்தான். அந்தப் பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"காலைல ஜூரியைத் தேர்ந்தெடுத்தப்போ பார்த்தீங்கல்ல?" என்றார் மில்டன். "'இந்த மாதிரிப் படம் எப்பவாவது பார்த்திருக்கீங்களா'ன்னு அரசு வக்கீல் கேட்டப்போ, அந்த முடிவெட்டுறவன் மட்டும் 'ஒரே ஒரு தடவை'ன்னு உளறினான். உடனே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரும் பைபிள் மேல கை வச்சு, பார்த்ததே இல்லைன்னுட்டாங்க. ஜட்ஜ்கூட, 'இந்தக் கண்றாவியை நானே இன்னிக்குத்தான் பார்க்கப்போறேன்'னு தலையில அடிச்சுக்கிட்டாரு."

"அப்போ கோடை முழுக்க என் கொட்டகை நிரம்பி வழிஞ்சுதே, யாருய்யா வந்தது? பேயா?"

"பக்கத்து மாவட்டத்து ஜனங்களாம். ஊரே அப்படித்தான் சொல்லுது."

"நல்லாயிருக்கு! அந்த ஜூரித் தலைவி புருயிட் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... எரிச்சுடுவா போல."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறவங்க. வேற எப்படிப் பார்ப்பாங்க?"

மணி அடித்தது. கோர்ட் அறைக்குள்ளே ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் படுதா. நீதிமன்றச் சேவகர் கிளைட், இரவல் வாங்கிய புரொஜக்டரோடு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து போலீஸ் அள்ளி வந்த பட ரீல் டப்பாக்களில் ஒன்றைத் திறந்து மாட்டினார்.

விளக்கு அணைந்தது. வெர்னிஸ் படுதாவைப் பார்க்கவே இல்லை. திரை வெளிச்சத்தில் தெரிந்த ஜூரி முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முகமாவது இளகாதா என்று தவித்தாள். இளகவில்லை. ஒருவரையொருவர் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

"நிறுத்துங்க!"

புருயிட் அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். உதடு துடித்தது. கிளைட் பதறிப்போய் விளக்கைப் போட்டார். இதோடு முடிந்தது என்று நினைத்தாள் வெர்னிஸ். படத்தை முழுசாகப் பார்க்கக்கூட இவர்களுக்குப் பொறுக்கவில்லையே, இனி என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது?

மில்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அநியாயம் இது!" புருயிட் அம்மாள் பொரிந்து தள்ளினாள். "தீயணைப்புக்காரன் கல்யாணத்துக்கு அப்புறம்தானே வருவான்? இது மூணாவது ரீல்!"

"அதானே!" என்றன மற்ற பதினொரு குரல்களும்.

வெர்னிஸ் வாயைப் பிளந்தாள். அரசு வக்கீல் பேனாவைக் கீழே போட்டார்.

"டப்பா நம்பர் மேலயே போலீஸ்காரங்க சாட்சிச் சீட்டை ஒட்டிட்டாங்கய்யா, நான் என்ன பண்ணுவேன்?" என்று கிளைட் அழாத குறையாகச் சொன்னார்.

"அமைதி! அமைதி!" சுத்தியலால் படபடவென்று தட்டிய ஜட்ஜ், கிளைட் பக்கம் எரிச்சலோடு திரும்பினார். "ரயில்ல அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே வருவா பாரு, அதுதான்யா முதல் ரீல். தேடிப் போடு!"